இழப்பை அறிவிக்கும் ஏடு: ஸ்ரீகோச ரக்ஷணம் பற்றிய ஐதிஹ்யங்கள் குறித்து ஒரு மறுபார்வை

ஏடெழுதுவோர் நூல் முடியும் இடத்தில் எழுதிவைக்கும் வடமொழிச் சுலோகங்களுள் ஒன்று, ஏடு தானே வாய்திறந்து பேசுவதாக அமைந்தது. எண்ணெயினின்றும் நீரினின்றும் தளர்ந்த கட்டினின்றும் தன்னைக் காக்குமாறும், மூடன் கையில் தன்னைக் கொடுக்கலாகாது என்றும் அது வேண்டிக்கொள்கிறது. வேறொரு சுலோகம் நீர், காற்று, கள்வர், எலி, நெருப்பு என்று பட்டியலை நீட்டி, வருந்தி எழுதிய சாஸ்த்ரத்தை முயன்று காக்க வேண்டும் என்கிறது. எழுதிக் களைத்தவனின் புலம்பல் என்று இவற்றைக் கடந்து செல்வார் பலர். ஆயினும் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் இன்று பேரிடர்த் திட்டம் என்று எதை வகுக்கின்றனவோ, அதன் முதற்படி இதுவே: அபாயம் எத்திசைகளிலிருந்து வரக்கூடும் என்று அது வருவதற்கு முன்னரே எண்ணி எழுதிவைப்பது.

முதற் சுலோகத்தைத் தென்னாட்டில் அப்படியே கொள்ளலாமோ என்னில், ஒண்ணாது. எண்ணெயினின்றும் காக்க என்பது காகிதத்துக்கும், மையினால் எழுதப்பட்ட ஏட்டுக்கும் தகும். எழுத்தாணியால் கீறி விளக்குக்கரி பூசிய பனையோலைக்கோ எலுமிச்சைப்புல் தைலமே காப்பு. எண்ணெய் காணாத ஓலை உலர்ந்து முறியும். ஓரிடத்தின் நஞ்சு மற்றோரிடத்தின் மருந்து. ஆகவே அபாயப் பட்டியலைப் பிறரிடமிருந்து பெயர்த்து எழுதிக்கொள்ளுதல் பயன்படாது என்பது இச்சுலோகத்திலேயே கிடைக்கும் பாடம். மூடன் கை என்பதற்கும் சிறிது விரிந்த பொருள் கொள்ள வேண்டும். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகள் ஆகம விதி என்ற பெயரால் நெய்யில் தோய்த்து அக்கினியில் இடப்பட்டுவிட்டன என்று அறிந்து உ.வே. சாமிநாதையர் பட்ட துயரம் ‘என் சரித்திர’த்தில் பதிவாகியிருக்கிறது. அங்கே ஏட்டை அழித்த கை பகைவன் கை அன்று, பக்தன் கை. அபாயம் எண்ணுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் இனம் இது.

இவ்விரு சுலோகங்களும் சொல்லாத ஒன்றும் உண்டு. ‘என்னைத் தனியே விடாதே’ என்று ஏடு வேண்டவில்லை. இழந்தபின் இழந்தது இன்னது என்று எதைக்கொண்டு அறிவது என்பதும் அங்கே இல்லை. இந்த இரண்டுக்கும் விடை தேட வேண்டிய இடம் குருபரம்பரை ஐதிஹ்யங்கள். அவற்றுள் நூல் இழந்த வரலாறுகளும் மீட்ட வரலாறுகளும் நிறைந்துள்ளன. ஆனால் அவை ஆசார்யர்களின் ஞாபகசக்திக்கும் க்ருபைக்கும் சான்றாகவே உபந்யஸிக்கப்படுகின்றன. நூல் எவ்வாறு இழந்தது, எது எஞ்சியது, மீட்பு எதனால் கூடிற்று என்ற நோக்கில் அவை வாசிக்கப்படுவது அரிது. அக்குறை சிறிதன்று. காட்டுமன்னார்கோயில் வரலாறு தொடங்கி ஒவ்வொன்றும் அந்த நோக்கிலும் பொருள் தருகிறது.

நாதமுனிகள் வரலாற்றில் அனைவரும் கொண்டாடுவது கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் உரு சொன்னதையும், ஆழ்வார் ப்ரஸாதத்தால் நாலாயிரமும் பெற்றதையும் ஆகும். அது விச்வாஸத்துக்குரிய நிலம். அதில் ஆராய்ச்சி புகவேண்டியதில்லை. ஈண்டு நோக்கவேண்டியது அதற்கு முந்தைய நிலை. மேல்நாட்டிலிருந்து வந்தவர்கள் திருக்குடந்தைப் பதிகம் ஒன்றைப் பாடுகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தவை அப்பாசுரங்கள் மட்டுமே. நூலின் பெரும்பகுதி மறைந்துவிட்டது என்பதை அவர்களும் அறியார். அதை அறிவித்தது யார் என்னில், பதிகமே. திருவாய்மொழிப் பதிகங்களின் ஈற்றுப் பாசுரம் பாடினவர் இன்னார், அவர் ஊர் இன்னது, மொத்தம் ஆயிரம், அவற்றுள் இது ஒரு பத்து என்று எண்ணிக் காட்டும். அந்த எண்ணிக்கை இல்லையாயின் நாதமுனிகள் செவிக்கு எட்டியது ஒரு நல்ல பதிகமாக நின்றிருக்கும். திருக்குருகூர்க்குப் புறப்படவேண்டிய காரணம் பிறந்திராது.

நூற்பட்டியலில் இருக்க வேண்டிய செய்தியை நூலின் உடம்புக்குள்ளேயே, அதுவும் நூறு இடங்களில், வைத்த ஏற்பாடு இது. பட்டியல் எரியலாம், முகப்பேடு உதிரலாம். எந்தத் துண்டு எஞ்சினாலும் அது முழுமையின் அளவைச் சொல்லும். அந்தாதித் தொடையும் இக்காரியத்தையே வேறு வழியாகச் செய்கிறது. ஒரு பாசுரத்தின் முடிவு அடுத்ததன் தொடக்கமாதலின், நடுவே ஒன்று விழுந்தால் சங்கிலி அறுந்தது உடனே தெரியும். வ்யாக்யானங்களுக்குப் படிக்கணக்கே பெயரானதும் இவ்வகையைச் சேர்ந்தது. முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு க்ரந்தம். ஒன்பதினாயிரப்படி என்றால் 2,88,000 எழுத்து, முப்பத்தாறாயிரப்படி என்றால் 11,52,000 எழுத்து. ஏடெழுதுவோன் கூலிக்கணக்கு என்று இதை இகழ்வாரும் உளர். கூலிக்கணக்காகவே பிறந்திருக்கட்டும், பிரதி குறைந்ததைக் காட்டும் அளவுகோலும் அதுவே. கணினி நூலகங்களில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணித்து வைத்து, பின்னொரு நாள் மீண்டும் கணித்து ஒப்பிடுகிறார்கள். எண் மாறினால் கோப்பு கெட்டது என்று பொருள். அந்த எண்ணும் இழப்பை அறிவிக்குமே ஒழிய இழந்ததை மீட்டுத் தராது. படிக்கணக்கின் எல்லையும் அவ்வளவே.

மீட்பு எதனால் கூடுகிறது என்பதற்கு ஒன்பதினாயிரப்படி வரலாறு தெளிவான இடம். நஞ்சீயர் தாம் அருளிய வ்யாக்யானத்தை நல்ல பிரதியாக எழுதித் தருமாறு நம்பூர் வரதராஜரிடம் கொடுத்தார். வரதராஜர் தம் ஊருக்குப் போகக் காவிரியைக் கடக்கையில் வெள்ளம் மிகுந்தது. தலையிற் கட்டியிருந்த ஸ்ரீகோசம் ஆற்றோடு போயிற்று. ஊர் சேர்ந்து நினைவைக்கொண்டே முழுவதையும் எழுதி முடித்தார். சில இடங்களில் பொருள் விசேஷமாக ஏறியிருந்தது கண்டு நஞ்சீயர் வினவ, நடந்ததை விண்ணப்பித்து, ‘நம்பிள்ளை’ என்ற பெயரையும் பெற்றார்.

இதைச் சொல்வோர் ஞாபகசக்தியில் நிறுத்திவிடுவர். ஆனால் ஐதிஹ்யம் மற்றொன்றையும் சொல்கிறது. ஏட்டைக் கையில் கொடுப்பதற்கு முன் நஞ்சீயர் அவருக்கு வ்யாக்யானம் முழுவதையும் ஒருமுறை ஸாதித்தார். ஒரே பிரதியாக இருந்த நூல் ஆற்றங்கரைக்குப் போகுமுன்னரே ஒரு நெஞ்சில் இரண்டாம் பிரதி ஏறிவிட்டது. வெள்ளம் கொண்டது ஓலையை மட்டுமே. அந்தக் காலக்ஷேபம் நடவாதிருந்தால் எத்தகைய மேதாவியும் எதை நினைவுகூர்வது? இரண்டாவது அனுகூலம், மூல கர்த்தா எழுந்தருளியிருந்தார் என்பது. எழுதியதை அவர் திருக்கண் சாத்தி ஒப்புக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்க்க ஏடு இல்லாத இடத்தில் ஆசிரியரே ஏடாக நின்றார். இவ்விரண்டும் அமைந்தும், திரும்பக் கிடைத்தது ஆற்றோடு போனதன்று. இன்று ஒன்பதினாயிரப்படி என்று வாசிக்கப்படுவதில் பொருள் நஞ்சீயருடையது, எழுத்து நம்பிள்ளையுடையது. ஸம்ப்ரதாயம் இதை மறைக்கவில்லை, கதையாகவே பாதுகாத்தது. ஆதலால் ‘மனப்பாடம் இருக்க ஏடு எதற்கு’ என்பார் வாதத்துக்கு இவ்வைதிஹ்யம் துணையாகாது.

ஆசிரியர் இல்லாத காலத்து இழப்பு எப்படியிருக்கும் என்பதற்குப் பெரியாழ்வார் திருமொழி சான்று. பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரத்துக்கும் வ்யாக்யானம் அருளியவர். அதில் பெரியாழ்வார் திருமொழிக்கு அருளியதன் பெரும்பகுதி செல்லரித்துப் போய், இறுதிப் பகுதியே எஞ்சிற்று. மீட்க ஒரு நம்பிள்ளையும் இல்லை, ஒப்புக்கொள்ள ஆசிரியரும் இல்லை. பிற்காலத்தில் மணவாள மாமுனிகள் அக்குறையை நிறைத்தருளினார். முழுத் திருமொழிக்கும் புதிய உரை ஒன்று செய்ய அவருக்கு என்ன தடை? ஒன்றுமில்லை. எஞ்சியிருந்ததைத் தம் உரையோடு கலந்து ஒரே நூலாக்கவும் கூடும். அவர் இரண்டையும் செய்யவில்லை. இழந்த பாசுரங்களுக்கு மட்டும் உரை செய்து, பழைய ஏடு தொடங்கும் சொல்லை எட்டியவுடன் நிறுத்திக்கொண்டார் என்பது பெரியோர் வார்த்தை. நடை பெரியவாச்சான் பிள்ளையின் நடையை ஒட்டியது. ஆயினும் எல்லை மறைக்கப்படவில்லை. எது வரை இவருடையது, எதிலிருந்து அவருடையது என்று கோஷ்டியில் இன்றும் சொல்லி வருகிறார்கள்.

இந்த ஒழுக்கம் மேனாட்டில் ஒரு கொள்கையாக வகுக்கப்பட்டது இருபதாம் நூற்றாண்டில். ரோம் நகரத்து மத்திய மறுசீரமைப்பு நிறுவனத்தில் சேசரே பிராண்டி, சிதைந்த ஓவியத்தின் வெறுமையை மெல்லிய நேர்கோடுகளால் நிரப்பும் முறையை ஏற்படுத்தினார். எட்டி நின்று பார்ப்பவனுக்கு ஓவியம் ஒன்றாகத் தோன்றும். அருகில் வந்தால் பழையது இது, நிரப்பியது இது என்று பிரிந்து தெரியும். கண்ணுக்கு இடையூறு கூடாது, ஆனால் பொய்யும் கூடாது என்பது அதன் கருத்து. மாமுனிகள் செய்தருளியதும் இதுவே. இதில் வருத்தத்துக்குரிய பக்கம் ஒன்று உண்டு. மாமுனிகள் உரை எவ்வளவு உயர்ந்ததாயினும் பெரியவாச்சான் பிள்ளை அவ்விடங்களில் என்ன அருளினார் என்பது அழிந்தது அழிந்ததே. நிறைத்தவர் பெருமையைப் பேசுமிடத்தில் இழந்ததன் பெருமையையும் பேசாவிட்டால், செல்லுக்கு இரையாக ஓலையை விட்டவர்கள் கணக்கிலிருந்து தப்பிவிடுகிறார்கள். ஒரே கட்டு, ஒரே வீடு, புரட்டிப் பார்க்காத சில மழைக்காலங்கள்: செல்லுக்கு இதற்குமேல் வேண்டாம்.

ஈடு முப்பத்தாறாயிரப்படி வரலாறு சிறிது சங்கடமானது. வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதியதை நம்பிள்ளை வாங்கி, ஈயுண்ணி மாதவரிடம் ஒப்படைத்தார். அதன்பின் தலைமுறைக்கு ஒருவர் என்ற ஓராண்வழியாக அது நாலூராச்சான் பிள்ளை வரை வந்தது. அவரிடம் கேட்டவர்களுள் ஒருவரான திருவாய்மொழிப் பிள்ளை வழியாக மாமுனிகளை அடைந்தது. இவ்வரிசையை மாமுனிகளே உபதேசரத்தினமாலையில் பதிந்திருக்கிறார். அதிகாரி அல்லாதவர் கையில் போகலாகாது என்ற கருத்தை மதிக்க வேண்டும். மூடன் கை பற்றிய சுலோகத்தின் கருத்தும் அதுதான். ஆனால் காவல் நோக்கில் மட்டும் பார்த்தால் ஓராண்வழி என்பது கயிற்றின் மேல் நடக்கும் நடை. அந்த இடைக்காலத்தில்தான் ஸ்ரீரங்கம் படையெடுப்புக்கு உள்ளாயிற்று. ஒரு தலைமுறையில் ஒருவர் அகாலத்தில் மறைந்திருந்தால் ஈடு இல்லை. அது தப்பியது பகவத் ஸங்கல்பம் என்று கொள்வதில் தடையில்லை. அதை ஏற்பாட்டின் சிறப்பு என்று கொள்வது தவறு. கையை எண்ணிக் கொடுப்பதும் பிரதியை எண்ணிக் குறைப்பதும் வெவ்வேறு காரியங்கள். பத்துப் பிரதி எழுதி, பத்தையும் அதிகாரிகள் பத்துப் பேரிடம் பத்து ஊர்களில் வைக்கலாம்.

திட்டமிட்ட காவலுக்கு உதாரணம் தேடுவார்க்கு ச்ருதப்ரகாசிகை வரலாறு உண்டு. 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது சுதர்சன சூரி தம் குமாரர் இருவரையும் ச்ருதப்ரகாசிகை ஏட்டையும் வேதாந்த தேசிகனிடம் ஒப்படைத்தார் என்பதும், தேசிகன் அவற்றோடு மேற்கே காவிரிக்கரையிலுள்ள ஸத்யாகாலம் சேர்ந்தார் என்பதும் குருபரம்பரையில் வருவது. திருவரங்கத்தில் அன்று எத்தனையோ ஏட்டுக்கட்டுகள் இருந்திருக்க வேண்டும். கொண்டுபோகக் கையில் ஒன்றுதான் கொள்ளும் என்ற நிலையில் எதை எடுப்பது? ச்ரீபாஷ்யத்துக்கு நடாதூர் அம்மாள் ஸாதித்த பொருளைக் கேட்டவாறு எழுதியது ச்ருதப்ரகாசிகை. சொன்னவர் இல்லை, எழுதினவர் அன்று மாளப்போகிறார். மூலமான ச்ரீபாஷ்யம் பல ஊர்களில் பரவியிருந்தது, அதை விட்டுச் செல்லலாம். இனி ஒருவராலும் எழுத முடியாததே முதலில் எடுக்கப்பட்டது. எது பழையது, எது பெரியது, எது அழகியது என்பதன்று. எது வேறெங்கும் இல்லாதது என்பதே அங்கே அளவுகோல். அதனோடு அதை வாசிக்க வல்லவர் ஒருவரும் சென்றார். நம்பெருமாள் திரும்பி எழுந்தருளியது 1371இல் என்று கல்வெட்டு கூறுகிறது. நாற்பத்தெட்டு ஆண்டு, இரண்டு தலைமுறைக்காலம். வெறும் ஏட்டை மட்டும் ஒளித்து வைத்திருந்தால், திரும்பி வருகையில் அதைப் படித்துச் சொல்ல யார் இருந்திருப்பார்?

வெனிஸ், ரோம், லண்டன் என்று பெருநிதியும் பயிற்சியும் உடைய நாடுகளில் இக்கவலை இல்லை என்று எண்ணுதல் பிழை. 1966 நவம்பர் 4ஆம் நாள் ஆர்னோ ஆறு பெருகி ஃபிளாரன்ஸ் நகரத்துத் தேசிய மத்திய நூலகத்தில் புகுந்தபோது பத்து லட்சத்துக்கு மேற்பட்ட நூல்களும் பிறவும் சேற்றில் மூழ்கின. ஆற்றங்கரையில் நூலகம் கட்டி, விலைமதிப்பற்ற தொகுதிகளைக் கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்கள். அங்கே பணிசெய்த பீட்டர் வாட்டர்ஸ் என்பவர் பின்னர் நனைந்த நூல்களை மீட்பது எப்படி என்று ஒரு கையேடு எழுதினார். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் படரும். ஆகவே உலர்த்த வழியில்லாதவற்றை உறையவைத்துவிட வேண்டும் என்ற வழக்கம் பிறகு நிலைத்தது. வைமார் நகரத்து அன்னா அமாலியா நூலகம் 2004 செப்டம்பர் 2ஆம் நாள் எரிந்தது. 50,000 நூல் சாம்பல், 62,000 நூல் சேதம். அந்நூல்கள் சில வாரங்களில் புதிய நிலத்தடிக் கிடங்குக்கு மாற்றப்பட இருந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை மனிதரே எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அச்சான நூல்களுக்கு வேறு பிரதி தேடலாம், ஓலைகளுக்கு எங்கே போவது?

மேற்சொன்னவை தண்ணீரும் நெருப்பும். 2023 அக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துக்கு நேர்ந்தது வேறு வகை. ஒரு கள்வர் கூட்டம் கணினிகளுக்குள் புகுந்து, தரவைத் திருடி, எஞ்சியதைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. நூலகம் கொடுக்க மறுத்தது. நூல்கள் யாவும் அடுக்கில் அப்படியே இருந்தன. ஒன்றும் நனையவில்லை, ஒன்றும் எரியவில்லை. ஆனால் எது எங்கே என்று சொல்லும் நூற்பட்டியல் 2024 ஜனவரி வரை இணையத்தில் இல்லை. நூலகமே வெளியிட்ட அறிக்கையில் குறிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. மின்வடிவத் தொகுப்புகளுக்குப் பாதுகாப்பான பிரதிகள் இருந்தன. அவற்றை மீண்டும் இறக்கிவைக்க ஏற்ற கணினி அமைப்பு இல்லை, பழைய அமைப்புகள் மீட்க முடியாத அளவு பழையனவாயிருந்தன. பிரதி உண்டு, வாசிக்க இடமில்லை. ஏட்டோடு வாசிக்கவல்லவரையும் அனுப்பிய ஸத்யாகாலத்து ஏற்பாட்டின் அருமை இங்கே விளங்கும். தளர்ந்த கட்டு என்று சுலோகம் சொன்னதற்கும் இதைவிடப் பொருத்தமான உரை கிடைப்பது அரிது.

2009 மார்ச்சு 3ஆம் நாள் கொலோன் நகர ஆவணக் காப்பகம், அருகே நடந்த சுரங்க ரயில் வேலையால் நிலம் சரிந்து இடிந்து விழுந்தது. அண்டை வீடுகளில் இருவர் மாண்டனர். ஆவணங்களில் மிகப் பெரும்பாலானவை இடிபாட்டிலிருந்து எடுக்கப்பட்டன, ஆனால் துண்டு துண்டாக. எடுத்த துண்டு எதனுடையது என்று காண்பதே பெரும்பாடாயிற்று. ஆயிரத்தில் ஒரு பத்து என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் துண்டு அங்கே கிடைத்திருந்தால் வேலை எளிதாகியிருக்கும்.

திவ்யதேசங்களிலும் ஆசார்ய திருமாளிகைகளிலும் இன்று உள்ள நிலைக்கு வருவோமானால், அச்சேறாத அரும்பதவுரைகளும், அச்சேறி மறுபதிப்புக் காணாத நூல்களும் இன்னும் உள. தென்னாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் முந்நூறாண்டு தாண்டிய ஓலை அரிது. முன்னோர் அதை அறிந்து, மறைவதற்குள் மறுபிரதி எழுதினார்கள். அச்சு வந்தபின் எழுதும் வழக்கம் நின்றது. அச்சேறாதது இரண்டுக்கும் நடுவே விழுந்தது. இப்போது படமெடுத்துக் கணினியில் ஏற்றுகிறார்கள், மிக நல்லது. ஆனால் படமெடுத்ததோடு ரக்ஷணம் முடிந்தது என்று எண்ணும் மனப்பான்மை பரவியிருப்பது நல்லதன்று. ஒரு தட்டில், ஒரு வீட்டில், ஒருவர் மட்டும் அறிந்த கடவுச்சொல்லின் கீழ் இருக்கும் படத்தொகுதி மீண்டும் ஓராண்வழியே. கணினி வல்லார் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேற்றூரில் என்று ஒரு கணக்குச் சொல்லுகிறார்கள். அதற்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை திறந்து, ஒரு பகுதியையாவது வாசித்துப் பார்க்க வேண்டும். ஸரஸ்வதி பூஜைக்கு ஏட்டை இறக்கித் தூசி தட்டி, எண்ணெயிட்டு, வசம்பு மாற்றிக் கட்டிய வீடுகளில் இந்தச் சோதனை தானாக நடந்துகொண்டிருந்தது. அட்டையை அலங்கரித்துச் சந்தனம் இட்டுத் திறவாமலே பெட்டியில் வைக்கும் வீடுகளில் அது நின்றுபோயிற்று.

பதிப்பாசிரியர்களிடமும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. ஏடு சிதைந்த இடத்தை ஊகத்தால் நிரப்பிக் குறியிடாமல் அச்சிடுவது மாமுனிகள் வழிக்கு மாறு. புள்ளியிட்டு விடுவது வாசகனுக்கு இடையூறு என்பார்க்கு, அடைப்புக்குள் நிரப்பலாம், எழுத்தின் அளவை மாற்றலாம் என்பதே விடை. எந்தக் கட்டைக் கண்டு பதிப்பித்தார், அதில் ஏடு எத்தனை, முதலும் ஈறும் எவ்வெச் சொல்லில் நின்றன, பதிப்பு முடிந்தபின் அக்கட்டு எங்கே போயிற்று என்ற செய்திகள் முகவுரையில் வேண்டும். ஆசார்யர் வைபவத்துக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கும் முகவுரை இதற்குப் பத்து வரி ஒதுக்கலாம்.

படமெடுக்கும் இளைஞர்கள் கவனிக்கவேண்டிய இடம் ஏட்டின் இடப்பக்க ஓரம். ஏட்டெண் தமிழ் எண்ணால் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் அங்கேதான். எழுத்து நன்றாகத் தெரியவேண்டும் என்று நெருங்கி எடுக்கையில் அந்த ஓரம் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. ஏடு உதிர்ந்தபின் அப்படங்களை வரிசைப்படுத்த வேண்டிவந்தால், நடுவே ஒன்று விழுந்ததா இல்லையா என்று சொல்ல, அந்தாதி அல்லாத வசன வ்யாக்யானத்தில் வேறு அடையாளம் ஒன்றும் இராது.